ஓநாய்க் குட்டியை எடுத்து வளர்த்தால் நாயாகிவிடுமா?

கேள்வி: 2025 நவம்பர் 26

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஓநாய்க் குட்டியைக் கண் திறப்பதற்கு முன்பே எடுத்து, புட்டிப்பால் கொடுத்து, வீட்டுக்குள் பிள்ளை மாதிரி வளர்த்தால் அது நாயாகத்தானே வளரும்? வீடியோக்களில் பெரிய பெரிய ஓநாய்கள் மனிதர் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கின்றன. அப்புறம் ஏன் எல்லாரும் முடியாது முடியாது என்கிறார்கள்? எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நவம்பர் 26, இரவு

ஆகாது. பழகிய ஓநாயாகும், அவ்வளவுதான்.

யானையைப் பழக்குகிறார்கள். பாகன் சொன்னால் காலை மடக்குகிறது, மரத்தைத் தூக்குகிறது. ஆனால் அது போடும் குட்டியை மறுபடி முதலிலிருந்துதான் பழக்க வேண்டும். முகலாய அரசர்கள் சிவிங்கிப்புலிகளை வேட்டைக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டையோடு கூடவே வந்த மிருகம்தான். அடைப்பில் அது குட்டி போடுவதே அபூர்வம் என்பதால், தலைமுறை தலைமுறையாகக் காட்டிலிருந்தே பிடித்துவர வேண்டியிருந்தது. ஒரு மிருகத்தைப் பழக்குவது அதன் ஆயுளோடு முடிந்துவிடுகிற வேலை. நாய் உருவானது குறைந்தது 15,000 ஆண்டுக் கதை. அந்த 15,000 ஆண்டைப் புட்டிப்பாலில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்கள்.

மடியில் படுக்கும் வீடியோ பொய் இல்லை. கேமராவை நிறுத்திய பிறகு அந்த மனிதர் எத்தனை கதவு தாண்டி, எத்தனை தாழ்ப்பாள் போட்டுவிட்டு வெளியே வருகிறார் என்பதை மட்டும் காட்டமாட்டார்கள்.

நவம்பர் 27

"கண் திறப்பதற்கு முன்" என்று நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை அப்படியே தள்ளிவிட முடியாது.

கேத்ரின் லார்டு என்ற ஆய்வாளர் ஓநாய்க் குட்டிகளையும் நாய்க்குட்டிகளையும் வாரா வாரம் சோதித்துப் பார்த்து 2013இல் எழுதினார். மூக்கு வேலை செய்யத் தொடங்குவது 2 வாரத்தில், காது 4 வாரத்தில், பார்வை தெளிவது 6 வாரத்தில். இரண்டு இனத்துக்கும் ஒரே கணக்கு. ஆனால் ஓநாய்க் குட்டி 2 வாரத்திலேயே எழுந்து நடந்து துழாவ ஆரம்பித்துவிடுகிறது. நாய்க்குட்டி அதைச் செய்வது 4 வாரத்தில். அதாவது ஓநாய்க் குட்டி காதும் கேட்காமல், கண்ணும் சரியாகத் தெரியாமல், மூக்கை மட்டும் நம்பி உலகத்தில் இறங்குகிறது. அப்புறம் ஒருநாள் சத்தம் கேட்கத் தொடங்கும்போது அதற்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கண் தெரியும்போது இன்னொரு முறை. புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் அதற்கு முன்னதாகவே வந்து, முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

அதனால்தான் ஓநாய்களை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் குட்டியைப் பிறந்த சில நாட்களிலேயே எடுத்து, இரவும் பகலும் கூடவே படுத்து எழுந்து வளர்க்கிறார்கள். நாய்க்குட்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. அந்தப் பருவத்தில் மனிதர்கள் பக்கத்தில் புழங்கினாலே போதும், ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பருவம் தப்பினால் நாய்க்கும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டுமான இடத்தில் அடுக்கி வைத்திருந்த சிமெண்ட் குழாய்களுக்குள் பிறந்து, பால்பல் விழத் தொடங்கும் வரை ஆள் வாடையே படாமல் வளர்ந்த ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்தேன். பூச்சி என்று பெயர். நான் அறையை விட்டு வெளியே போனால்தான் தட்டில் வாய் வைக்கும். இரவில் நான் படுத்த பிறகு வந்து உள்ளங்காலை முகர்ந்து பார்க்கும். கால் அசைந்தால் கட்டிலுக்கு அடியில். தலையில் கை வைக்க அது அனுமதித்தது முகம் நரைத்த பிறகுதான். ஆக, வளர்ப்பில் நிறைய இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எல்லாமே வளர்ப்பில் இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன்.

நவம்பர் 29

பூச்சியைப் பற்றி எழுதியதும் ஞாபகம் வந்தது. வேறு ஒன்றும் சொல்ல வேண்டும்.

ஹங்கேரியில் புடாபெஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆடாம் மிக்லோஷி குழுவினர், 2003இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. ஓநாய்க் குட்டிகளைப் பிறந்த சில நாட்களிலேயே எடுத்து, ஆளுக்கொரு குட்டியாகக் கூடவே வைத்து வளர்த்தார்கள். நீங்கள் கேட்ட அதே வளர்ப்புதான். ஒப்பிட நாய்களும் இருந்தன. கயிற்றை இழுத்தால் இறைச்சி வரும், இழுக்கக் கற்றுக்கொண்டன. இரண்டு கூட்டமும் இதில் ஏறக்குறைய சமம். அடுத்து, கயிற்றைத் தெரியாமல் கட்டிவைத்துவிட்டார்கள். இழுத்தாலும் வராது.

நாய் கொஞ்சம் இழுத்துப் பார்த்தது. வரவில்லை என்றதும் திரும்பிப் பின்னால் நின்றவரின் முகத்தைப் பார்த்தது. ஓநாய் இழுத்தது, இழுத்தது, இழுத்துக்கொண்டே இருந்தது. பெற்ற தாய் போல வளர்த்தவர் பின்னாலேயே நிற்கிறார். அவரிடம் கேட்கலாம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

இந்தச் சோதனையைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பூச்சிதான். அதன் ரப்பர் பந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டால் முன்னங்காலை விட்டு நாலு முறை கிளறும். பிறகு மூன்றடி தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கும். பந்தைப் பார்க்கும், மறுபடி என்னைப் பார்க்கும். கை வைக்க விடாத நாய், ஆளைக் கண்டாலே நடுங்குகிற நாய், ஆனாலும் சிக்கல் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டியது மனித முகத்தை என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. குழாய்க்குள் அதன் தாய் சொல்லிக் கொடுத்திருக்கவும் வழியில்லை.

ஒரு நாயை வைத்து முடிவு கட்டக் கூடாது, தெரியும். இருந்தாலும் என் கட்சி இதுதான்: பயம் போவதும் போகாததும் வளர்ப்பைப் பொறுத்தது. திரும்பிப் பார்ப்பது வம்சத்தில் வந்தது.

நவம்பர் 29, பின்னிரவு

ஓநாய் மந்தபுத்தி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரியாவில் எர்ன்ஸ்ட்புருன் என்ற இடத்தில் ஓநாய்களையும் நாய்களையும் ஒரே மாதிரிக் கூட்டமாக வளர்த்து ஆராய்கிறார்கள். ஒரு பலகை, அதில் கோர்த்த கயிறு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரு முனையையும் இழுத்தால்தான் தீனி வரும். 2017இல் வெளியான முடிவில் ஓநாய் ஜோடிகள் பலமுறை வென்றன, நாய் ஜோடிகள் அநேகமாகத் தோற்றன. தன் இனத்தோடு சேர்ந்து வேலை செய்வதில் ஓநாய்தான் கெட்டி. நாய் அந்த வேலையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டது. கேட்டால் கிடைக்கும் என்றால் எதற்கு மாரடிக்க வேண்டும்?

நவம்பர் 30

மேலே எழுதியதைப் படித்தால் ஓநாய்க்கு மனிதர் மேல் பாசமே வராது என்பது போல இருக்கிறது. அப்படி இல்லை.

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் 10 ஓநாய்களையும் 12 நாய்களையும் ஒரே மாதிரி கையால் வளர்த்து, 23 வார வயதில் சோதித்து 2022இல் எழுதினார்கள். அறைக்குள் வளர்த்தவர் ஒருவர், அந்நியர் ஒருவர், மாறி மாறி வந்து போவார்கள். ஓநாய்கள் வளர்த்தவரிடமே ஒட்டின. அந்நியர் இருக்கும்போது பதறிக் குறுக்கும் நெடுக்கும் நடந்தவை, வளர்த்தவர் வந்ததும் அடங்கின. அதே குழு 2020இல் இன்னொன்றும் சொன்னது: முன்பின் தெரியாத ஆள் பந்தை எறிந்து கூப்பிட்டபோது, 13 ஓநாய்க் குட்டிகளில் 3 அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தன. பந்து எடுத்து வருவது நாய்க்கு நாம் சொல்லிக் கொடுத்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்! கை காட்டிய திசையைப் புரிந்துகொள்வதும் அப்படித்தான். அமெரிக்காவில் இந்தியானாவில் உள்ள உல்ஃப் பார்க் ஓநாய்கள் அதைச் செய்ததாக 2008லேயே வெளிவந்திருக்கிறது.

ஆக, பாசம் உண்டு, புத்தி உண்டு, விளையாட்டும் உண்டு. வீட்டு மிருகத்துக்கு இன்னொன்றும் வேண்டும். "சரி, நீ சொல்கிறபடி" என்று விட்டுக்கொடுக்கிற மனசு. ஓநாயிடம் இல்லாதது அது.

டிசம்பர் 2

"நேரில் பார்த்திருக்கிறீர்களா, ஆய்வை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சுத்த ஓநாயை வீட்டில் பார்த்ததில்லை. ஓநாய்க் கலப்பைப் பார்த்திருக்கிறேன். முக்கால் ஓநாய் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். விற்பவர் சொல்லும் கணக்கை நம்ப முடியாது. ஓநாய் போலத் தோன்றும் ஹஸ்கி நாயின் கலப்பை இரட்டிப்பு விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கும். ஆனால் இதைப் பார்த்ததும் சந்தேகம் வரவில்லை. நெஞ்சு குறுகல், முன்னங்கால் இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கி, பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. வால் சுருளாமல் நேராகத் தொங்கியது. நடக்கும்போது முதுகு மேலும் கீழும் ஆடவே இல்லை.

என்னைக் கண்டதும் பின்வாங்கி, அடைப்பின் தூர மூலைக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வந்தது. வெகுநேரம் கழித்து வேலியோடு உரசியபடி வந்து மோந்தது. வளர்த்தவரிடம் குழைந்தது, முகத்தை நக்கியது. அதுவரை எல்லாம் அழகு. அப்புறம் அவர் ஒரு மாட்டுக் காலெலும்பை உள்ளே போட்டுவிட்டுச் சட்டென்று கதவைச் சாத்தி வெளியே வந்தார். ஏன் என்று கேட்டேன். "கொடுத்தது அதனுடையது. இனி அது முடியும்வரை நான் உள்ளே இருக்கக் கூடாது" என்றார். என் நாயின் வாய்க்குள் விரலை விட்டுச் செருப்புத் துண்டை நான் பிடுங்கியிருக்கிறேன். அது முழிக்கும், கொஞ்சம் முறைக்கும், விட்டுவிடும்.

இரண்டு வயது வரை அவர் கட்டிலிலேயே படுத்த மிருகம் அது. ஓநாய்க்குப் பருவம் வருவது ஏறக்குறைய அந்த வயதில். அதற்கு முன் எடுத்த வீடியோதான் நாம் பார்ப்பதில் பெரும்பாதி. அதற்குப் பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் (இனப்பெருக்கக் காலம் அதுதான், வருஷத்துக்கு ஒரே முறை) அவரைத் தோளால் இடித்துப் பார்க்க ஆரம்பித்ததாம். ஒருநாள் கணுக்கால் சுளுக்கி நொண்டிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். அது அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றதாம். அன்றோடு ஒற்றை ஆளாக உள்ளே போவதை நிறுத்திவிட்டார். வெளியூர் போக முடியாது, ஏனென்றால் தீனி போட வேறு யாரும் உள்ளே போக முடியாது. எட்டடி வேலி, மேலே உள்பக்கம் சாய்ந்த கம்பி, கீழே தோண்டாமல் இருக்க மண்ணுக்குள் புதைத்த வலை. தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்டதால் பூட்டு.

அவர் அனுபவமில்லாதவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2012இல் ஸ்வீடனில் ஒரு விலங்குக் காட்சிச்சாலையில், மனிதரோடு பழக்கி வளர்த்த ஓநாய்க் கூட்டத்துக்குள் போன ஊழியரை அவை கொன்றுவிட்டன. அது பயிற்சி பெற்றவர்கள் வேலை செய்த இடம்.

அமெரிக்காவில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஓநாய்க்கோ ஓநாய்க் கலப்புக்கோ என்று உரிமம் பெற்ற வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இல்லை. நாய்க்குப் போடும் ஊசியைப் போட்டாலும் சட்டப்படி அது கணக்கில் வராது. யாரையாவது கடித்தால், நாயென்றால் சில நாள் தனியே வைத்துப் பார்ப்பார்கள். கலப்பென்றால் கொன்று மூளையைச் சோதிக்கச் சொல்லலாம். ஆசையில் வாங்குகிறவர் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

டிசம்பர் 3

"நாமே ஆல்ஃபா (கூட்டத்தின் தலைவன்) என்று காட்டிக்கொண்டால் அடங்கும்" என்றவருக்கு: இந்த ஆல்ஃபா கொள்கையை ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947இல் எழுதியது பாசெல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. அதைப் பரப்பியதில் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கின் 1970ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவரே பின்னால் காட்டில் வருஷக்கணக்கில் பார்த்துவிட்டு, கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம்தான், தலைமைப் போட்டி என்று ஒன்றும் இல்லை என்று 1999இல் எழுதினார். பழைய புத்தகத்தை அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்தோடு மல்லுக்கட்டி, 2022இல்தான் ஒருவழியாக நிறுத்த முடிந்தது. ஓநாயை மல்லாக்கத் தள்ளி அடக்கப் போகிறவர்கள் முதலில் உயில் எழுதிவிடுங்கள்.

டிசம்பர் 3, மாலை

காவலுக்கு வளர்க்கலாமா? குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். ஓநாய் குரைப்பதே அபூர்வம். புது ஆள் வந்தால் அது முதலில் ஒளிந்துகொள்ளும். நெதர்லாந்தில் சார்லோஸ் என்பவர் 1930களில் ஜெர்மன் ஷெப்பர்டோடு ஓநாயைக் கலந்து உறுதியான வேலை நாய் உண்டாக்கப் பார்த்தார். கிடைத்தது கூச்ச சுபாவமுள்ள, அந்நியரைக் கண்டால் விலகிப்போகிற நாய். திருடன் வந்தால் இரண்டும் சேர்ந்து சோபாவுக்குப் பின்னால் இருக்கும்.

டிசம்பர் 6

சரி, அப்படியானால் முதல் நாய் எப்படி வந்தது? இதைத்தான் கேட்டவர் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கட்சி, நாய்களை ஆராய்ந்த ரேமண்ட் காப்பிங்கருடையது: மனிதர் போய் ஓநாயைப் பிடிக்கவில்லை, ஓநாய்தான் வந்தது. மிச்சம் மீதி கொட்டுமிடத்தில் ஆளைக் கண்டதும் ஓடிப்போனவை பட்டினி கிடந்தன. கொஞ்சம் பொறுத்து நின்றவை தின்றன, குட்டி போட்டன. பயம் குறைந்தவை தாமாகவே தனி வம்சமாயின. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விவசாயத்துக்கும் ஊர்களுக்கும் முன்பே நாய் இருந்தது. இடம் மாறிக்கொண்டே இருந்த வேட்டைக் கூட்டம் ஒரு ஓநாய் வம்சத்தையே காப்பாற்றும் அளவுக்கு எங்கே குப்பை கொட்டியது? இதற்கு 2021இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பதில் வைத்தார்கள். மனிதன் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்று உயிர்வாழ முடியாது, கல்லீரல் தாங்காது. பனியுகக் குளிர்காலத்தில் வேட்டை மிருகங்கள் மெலிந்திருக்கும்; கொழுப்பை எடுத்துக்கொண்டால் சதை மிஞ்சும். ஓநாய் அதைத் தின்று பல மாதம் தாங்கும். போட்டியில்லாத பங்காளி.

எங்கே நடந்தது என்பதும் தீரவில்லை. 2022இல் 72 பழங்கால ஓநாய்களின் மரபணுவைப் படித்துப் பார்த்ததில், நாய்கள் மொத்தத்தில் யூரேசியாவின் கிழக்குப் பக்க ஓநாய்களுக்கு நெருக்கம் என்று தெரிந்தது. மேற்காசிய, ஆப்பிரிக்க நாய்களில் மேற்குப் பக்கக் கலப்பும் இருக்கிறது. நாயின் நேரடி மூதாதை அந்த 72இல் எதுவும் இல்லை. இன்று காட்டில் திரிகிற ஓநாய் நாய்க்குப் பாட்டன் இல்லை, பங்காளி. "நாய் ஓநாயிலிருந்து வந்தது" என்பதை இந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் புட்டிப்பால் கொடுக்கப் போகிற குட்டியின் வம்சம் இத்தனை ஆயிரம் ஆண்டும் மனிதனிடமிருந்து தப்பி ஓடியே பிழைத்த வம்சம். ஓடாதவை சுடப்பட்டன.

நரிச் சோதனையைச் சொல்லாமல் விட முடியாது. 1959இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் பெல்யாயெவ் என்ற மரபியல் ஆய்வாளர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பிறகும் லுட்மிலா துருத் நடத்திய சோதனை. தோலுக்காக வளர்த்த வெள்ளி நரிகளில் தலைமுறைக்குத் தலைமுறை, கையைக் கண்டு கடிக்காத, பயப்படாதவற்றை மட்டும் பெருக்கினார்கள். அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. சில தலைமுறையிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டின, முனகின. காது தொங்கியது, நெற்றியில் வெள்ளைத் திட்டு வந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம். அவர்கள் நரி வாலையே சுருட்டிவிட்டார்கள்.

இதிலும் ஒரு மறுப்பு உண்டு. அந்த நரிகள் காட்டிலிருந்து வந்தவை இல்லை. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவுப் பண்ணைகளில் பல பத்தாண்டு வளர்க்கப்பட்ட வம்சம், வெள்ளைத் திட்டு அங்கேயே இருந்தது என்று 2019இல் எழுதினார்கள். திட்டையும் தொங்கு காதையும் விட்டுவிடுவோம். பயம் குறைந்த நரியைத் தேர்ந்தெடுத்தால் பயம் குறைந்த குட்டி பிறக்கிறது என்பது நிற்கிறது. எனக்கு அதுவே போதும். வளர்த்ததால் இல்லை, பயந்தவற்றைக் கழித்ததால்.

டிசம்பர் 7

நேற்று விட்டுப்போனது. ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுப் பழமை. ஒரு ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பல் எனாமலில் கோடு கோடாக இருந்த குறையை வைத்து, அதற்கு டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் கொடிய வைரஸ் நோய்) வந்திருந்தது என்று 2018இல் சொன்னார்கள். ஒரு தடவை இல்லை, பலமுறை நோய் ஏறி இறங்கியிருக்கிறது. ஏழு மாதம் நிறைவதற்குள் செத்திருக்கிறது.

டிஸ்டெம்பர் வந்த குட்டியை நான் வைத்திருந்திருக்கிறேன். கண்ணும் மூக்கும் சீழ் கட்டி ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால்தான் கண் திறக்கும். தானாகத் தின்னாது, வாந்தியும் பேதியும். பிறகு ஒன்றுமில்லாததை மெல்வது போலத் தாடை தானாக வெட்டி வெட்டி இழுக்கும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அதுவும் ராத்திரியெல்லாம். யாராவது இப்படி உட்கார்ந்திருக்காவிட்டால் ஓபர்காசல் குட்டி முதல் சுற்றிலேயே போயிருக்கும். வேட்டைக்கு உதவாத, உதவப்போவதும் இல்லாத ஒன்றுக்குப் பனியுகக் கடைசியில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். குப்பைக் கொள்கைக்காரர்கள் இந்தக் குட்டியைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தடுமாறுவதைக் கவனித்திருக்கிறேன்.

டிசம்பர் 10

முதல் நாள் நான் போட்ட போடு கொஞ்சம் ஆடுகிறது. ஸ்வீடனில் கோட்லாந்துக்குப் பக்கத்தில் ஸ்டூரா கார்ல்சோ என்று ஒரு தீவு. வெறும் 2.5 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு குகையில் கிடைத்த 3,000 முதல் 5,000 ஆண்டுப் பழைய எலும்புகளில் மரபணு எடுத்துப் பார்த்தால், நாய் இல்லை, ஓநாய். போன மாதம்தான் வெளியானது. தரை மிருகங்கள் தாமாக வந்து சேர முடியாத தீவு. படகில்தான் வந்திருக்க வேண்டும். தின்றது சீலும் மீனும், அங்கே இருந்த மனிதர் தின்ற அதே சாப்பாடு. உடம்பும் சாதாரண ஓநாயை விடச் சிறியது. ஒன்றின் கால் எலும்பில் ஓடி வேட்டையாட விடாத அளவுக்கு நோய்.

நாய் வந்து ஆயிரக்கணக்கான ஆண்டு ஆன பிறகும், பக்கத்தில் நாய் இருக்கும்போதே, சிலர் ஓநாயைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்த் தீனி போட்டு வைத்திருக்கிறார்கள்! எதற்கு என்று தெரியவில்லை. கேள்வி கேட்டவரைப் போல அன்றைக்கும் ஒருவர் இருந்திருப்பார். ஓநாயை வைத்திருக்க முடியுமா என்பதற்கு, தீவு ஒன்று கைவசம் இருந்தால் முடியும் என்று பதிலைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த ஓநாய்களிலிருந்து இன்னொரு நாய் பிறக்கவில்லை.

டிசம்பர் 14

"விட்டுக்கொடுக்கிற மனசு" என்று பெரிதாக எழுதினேன். தெருநாய் யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல அடி.

உலகத்தில் 70 கோடியிலிருந்து 100 கோடி வரை நாய்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இதில் பெரும்பாலானவை யார் வீட்டுச் சங்கிலியிலும் இல்லை. ஓநாய் மொத்தமே சில லட்சம். நாயின் இயல்பு நிலை தெருதான் என்றுகூடச் சொல்லலாம். மெத்தையில் படுப்பவை சிறுபான்மை.

ஆனால் தெருநாயைக் கவனித்துப் பாருங்கள். கல் எடுக்கக் குனிகிறவரையும் செருப்பு வார் மாட்டக் குனிகிறவரையும் தூரத்திலிருந்தே பிரித்துத் தெரிந்துகொள்ளும். கூட்டத்தில் யார் பின்னால் போனால் ஏதாவது விழும் என்று முகத்தைப் பார்த்து எடைபோடும். கொல்கத்தா ஆய்வாளர்கள் பழக்கமில்லாத தெருநாய்களிடம் கை காட்டிப் பார்த்தார்கள். கிட்டே வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டிய பக்கம் போயின. யாருக்கும் கட்டுப்படாத நாயும் நம்மைப் படித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் "விட்டுக்கொடுப்பது" என்பதைச் சற்று மாற்றி, தன் காரியத்துக்கு மனிதரைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சி பீரோவுக்கு முன்னால் நின்று செய்தது அதைத்தான்.

ஆஸ்திரேலியாவின் காட்டு நாயான டிங்கோ இதற்கு விலக்கு மாதிரி இருக்கிறது. 3,000 ஆண்டுக்கு மேல் காட்டிலேயே திரிகிறது. ஆனாலும் திரும்ப ஓநாயாகவில்லை. இந்தப் பாதையில் திரும்புகிற வழி இல்லை போலிருக்கிறது.

டிசம்பர் 20

துண்டு துண்டாகச் சில.

வட அமெரிக்காவில் கருப்பு ஓநாய்கள் இருக்கின்றனவே, அந்தக் கருப்பு நாயிடமிருந்து போனது என்று 2009இல் மரபணுவை வைத்துக் காட்டினார்கள். எப்போதோ ஒரு நாய் எல்லை தாண்டியிருக்கிறது. கடன் இரண்டு பக்கமும் உண்டு.

நாய் புருவத்தைத் தூக்கிப் பரிதாபமாகப் பார்ப்பதற்கென்று ஒரு தசை இருக்கிறது. ஓநாய்க்கு அது சரியாக வளரவில்லை என்று 2019இல் அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். என் வீட்டில் அந்தத் தசைக்குத்தான் வேலை அதிகம்.

மாவுப் பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதி, பல நாய்களுக்கு அதைப் போலப் பல மடங்கு (2013, ஸ்வீடன் ஆய்வு). இது விவசாயம் வந்த பிறகு கூடியது. டிங்கோவுக்கும் பல ஹஸ்கிகளுக்கும் இன்றும் குறைவுதான். ஆகவே "மிச்சச் சோற்றுக்காக வந்தது நாய்" என்பது காலக்கணக்கில் உதைக்கிறது.

பனியுகத்தோடு அழிந்துபோன கொடூர ஓநாயை (டயர் வுல்ஃப்) ஒரு நிறுவனம் திரும்பக் கொண்டுவந்துவிட்டதாமே, அது கிடைக்குமா என்று ஒருவர். 2025 ஏப்ரலில் அந்த நிறுவனம் காட்டியது 14 மரபணுவில் 20 இடம் திருத்திய சாதாரணச் சாம்பல் ஓநாய். விற்பனைக்கு இல்லை. இருந்தாலும் மேலே எழுதியது எல்லாம் அதற்கும் பொருந்தும், பல் மட்டும் கூடுதல்.

2026 ஜனவரி 4

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஓநாய் வேண்டாம், ஓநாய் மாதிரி இருக்கிற நாய் போதும் என்று இறங்கி வந்திருக்கிறார். செக்கோஸ்லோவாக்கியன் ஓநாய்நாயைச் சொல்கிறார். அது 1955இல் எல்லைக் காவலுக்காகத் தொடங்கிய கலப்பு, 1999இலிருந்து முழு அங்கீகாரம் பெற்ற நாயினம். ஓநாய் ரத்தம் பல தலைமுறைக்கு முந்தியது. அழகான மிருகம், மறுக்கவில்லை. ஆனால் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஆகாது. முதல் நாயாக நிச்சயம் ஆகாது.

கண்ணுக்கு ஓநாய் மாதிரி இருந்தால் போதும் என்றால் ஹஸ்கியோ மலமூட்டோ பாருங்கள், அதுவும் குளிர்ந்த ஊரில் இருந்தால் மட்டும். வளர்ந்த ஹஸ்கிகளை வைத்துக்கொள்ள முடியாமல் காப்பகங்களில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குட்டி வாங்குவதற்கு முன் அங்கே போய் விசாரியுங்கள், ஏன் விட்டார்கள் என்று காப்பகத்துக்காரர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். ஓடும், ஊளையிடும், கூப்பிட்டால் யோசித்துவிட்டு வரும். வேலி ஆறடியாவது வேண்டும். அடியில் கம்பி வலை புதைத்துவிடுங்கள், அதுவும் தோண்டும்.